நஸீபின் தலையில் பழி எதற்கு?

நம் இல்லங்களில் நாள்தோறும் புழங்கும் சொற்களைக் கணக்கெடுத்தால், 'நஸீபு' என்னும் சொல் அவற்றுள் முன்வரிசையில் நிற்கும். கடை நொடித்துப் போனால் நஸீபு. மகன் தேர்வில் தோற்றால் நஸீபு. மகள் வாழப்போன இடம் சரியில்லை என்றால் நஸீபு. சர்க்கரை நோயில் புண் முற்றிக் காலை எடுக்க நேர்ந்தால் அதுவும் நஸீபு. மூன்றே எழுத்துகள் கொண்ட இந்தச் சொல்லைச் சொல்லி முடித்துவிட்டால், அதன்பின் யாரும் எதையும் கேட்பதில்லை. ஏன் நேர்ந்தது என்று ஆராய்வார் இல்லை. எவர் எதைச் செய்யத் தவறினார் என்று வினவுவார் இல்லை. இனிச் செய்ய வேண்டியது யாது என்று சிந்திப்பாரும் இல்லை. துக்கம் விசாரிக்க வந்தவர்கள் தலையை அசைத்துவிட்டு எழுந்து செல்கிறார்கள். வீட்டில் இருப்பவர்கள் அடுத்த துக்கத்துக்குக் காத்திருக்கிறார்கள்.

அந்த மௌனத்தை எதிர்த்தே இக்கட்டுரை எழுதப்படுகிறது.

தொடக்கத்திலேயே ஒன்றைத் தெளிவாக்கிவிட வேண்டும். நன்மையும் தீமையும் வல்ல நாயன் வகுத்த அளவின்படியே நிகழ்கின்றன என்று நம்புவது நம் ஈமானின் ஓர் அங்கம். அந்த நம்பிக்கையை அசைத்துப் பார்ப்பது நம் நோக்கமன்று. நம் வழக்கு விதியோடு இல்லை. விதியைத் தனக்கு வழக்கறிஞராக அமர்த்திக்கொள்ளும் மனிதனோடுதான். நமக்கு வந்து சேர்வது நம் கையில் இல்லை. வந்ததற்கு நாம் தரும் பதில் நம் கையில் இருக்கிறது. புயல் ஏன் வந்தது என்று மறுமையில் எவரும் நம்மைக் கேட்கப் போவதில்லை. புயல் வந்தபோது நீ என்ன செய்தாய் என்றுதான் கேட்கப்படும். அந்தக் கேள்விக்கு நஸீபு என்பது விடையாகாது.

முதல் சாக்கு யாருடையது?

விதியைக் காட்டித் தப்பிக்க முயன்ற முதல் ஆள் யார் என்பதைத் திருமறை அறிந்தோர் அறிவர். ஆதத்துக்குச் சிரம் பணிய மறுத்த இப்லீஸ், தன் செருக்கை ஒப்புக்கொள்ளவில்லை. தன்னை வழிகெடுத்தவன் இறைவனே என்று படைத்தவன் மீதே பழியைச் சுமத்தினான். அதே திருமறை, அதே அத்தியாயத்தில், மற்றொரு தவற்றையும் எடுத்துரைக்கிறது. தடுக்கப்பட்ட மரத்தை நாடிய ஆதமும் ஹவ்வாவும், ஷைத்தானின் தூண்டுதலையும் சாக்காகச் சொல்லவில்லை. விதியையும் சாக்காகச் சொல்லவில்லை. தங்களுக்குத் தாங்களே தீங்கு இழைத்துக்கொண்டதாக இருவரும் ஒப்புக்கொண்டு மன்னிப்பை வேண்டினர்.

இரண்டுமே இறைவனின் அறிவுக்கு உட்பட்டு நிகழ்ந்தவைதாம். வேறுபாடு எங்கே இருக்கிறது? பதிலில் இருக்கிறது. ஒருவன் பொறுப்பைத் தட்டிக் கழித்தான், சபிக்கப்பட்டான். மற்றவர்கள் பொறுப்பை ஏற்றனர்; மன்னிக்கப்பட்டனர். நாம் ஆதமின் மக்கள் என்று சொல்லிக்கொள்கிறோம். ஆனால் இழப்பு நேரும்போதெல்லாம் நம் நாவில் எழுவது யாருடைய வாதம்?

எல்லையில் எழுந்த கேள்வி

ஹிஜ்ரி 18ஆம் ஆண்டு, அதாவது கி.பி. 639இல், ஷாம் நாட்டில் அம்வாஸ் கொள்ளைநோய் பரவியது. கலீபா ஹஜ்ரத் உமர் (ரலி) அவர்கள் மதீனாவிலிருந்து புறப்பட்டு ஸர்கு என்னும் எல்லைப்புற ஊரை அடைந்தபோது, படைத்தலைவர்கள் எதிர்கொண்டு வந்து நோய்ச் செய்தியைத் தெரிவித்தனர். கலீபா முஹாஜிர்களை அழைத்துக் கலந்தார். அன்சாரிகளை அழைத்துக் கலந்தார். இருசாராரிடமும் கருத்து வேறுபாடு இருந்தது. பின்னர்க் குறைஷிப் பெரியவர்களை அழைத்துக் கேட்டார். அவர்கள் ஒருமித்த குரலில், மக்களைக் கொள்ளைநோய்க்குள் அழைத்துச் செல்ல வேண்டாம் என்றனர். திரும்பிச் செல்வதென முடிவாயிற்று.

அப்போது ஹஜ்ரத் அபூ உபைதா (ரலி) அவர்கள் குறுக்கிட்டார்கள். இறைவனின் விதியை விட்டு ஓடுவதா என்பதே அவர்களின் கேள்வி. கேட்டவர் சாதாரணமானவர் அல்லர். சுவர்க்க நன்மாராயம் பெற்ற பத்துப் பேருள் ஒருவர். இன்று நம் திண்ணைகளில் ஒருவர் இந்தக் கேள்வியைக் கேட்டால் அவையே வாயடைத்துப் போகும். உமர் (ரலி) வாயடைத்துப் போகவில்லை. ஆம், இறைவனின் ஒரு விதியை விட்டு அவனுடைய மற்றொரு விதியை நோக்கியே ஓடுகிறோம் என்னும் கருத்தில் விடையளித்தார்கள். ஒரு பள்ளத்தாக்கின் ஒருபுறம் பசுமையாகவும் மறுபுறம் வறண்டும் இருக்கையில், ஒட்டகத்தைப் பசுமையில் மேய்த்தாலும் அது விதியே, வறட்சியில் மேய்த்தாலும் அது விதியே அல்லவா என்று உவமையும் காட்டினார்கள். பின்னர் ஹஜ்ரத் அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்கள் வந்து, நோயுள்ள ஊருக்குள் நுழையாதீர்கள், நீங்கள் இருக்கும் ஊரில் நோய் பரவினால் அதைவிட்டு ஓடாதீர்கள் என்று பெருமானார் (ஸல்) அவர்கள் அறிவுறுத்தியிருந்ததை எடுத்துச் சொல்ல, கலீபா இறைவனைப் புகழ்ந்துவிட்டு மதீனாவுக்குத் திரும்பினார்கள்.

இந்நிகழ்ச்சியின் பின்பகுதியை நம் பயான்களில் அவ்வளவாகக் கேட்க முடிவதில்லை. ஷாமில் தம் படையோடு தங்கிய அபூ உபைதா (ரலி) அந்நோயிலேயே காலமானார்கள். அவர்களுக்குப்பின் பொறுப்பேற்ற முஆத் இப்னு ஜபல் (ரலி) அவர்களும் காலமானார்கள். அடுத்துப் பொறுப்பேற்ற அம்ரு இப்னுல் ஆஸ் (ரலி) மக்களை மலைகளில் பிரிந்து தங்கச் செய்தார்கள், நோய் அடங்கியது. செய்தி உமர் (ரலி) அவர்களுக்கு எட்டியபோது அவர்கள் அதை வெறுக்கவில்லை.

மடிந்தவர்கள் ஈமானில் குறைந்தவர்களா? நினைக்கவும் நா கூசும். மலையேறிப் பிழைத்தவர்கள் விதியை மறுத்தவர்களா? அவர்களும் அல்லர். கொள்ளைநோய் எல்லார்க்கும் பொதுவாக வந்தது. அதற்கு என்ன பதில் தருவது என்பதை மனிதர்கள் கூடிப் பேசி முடிவு செய்தார்கள். அவ்வாறு முடிவு செய்ததே விதியின்பாற்பட்டது என்றுதான் உமர் (ரலி) விளக்கினார்கள்.

எது முன்னே, எது பின்னே?

விதி என்னும் சொல்லுக்கு மார்க்கத்தில் ஓர் இடம் உண்டு. அந்த இடம் முயற்சிக்குப் பின்னே இருக்கிறது. நாம் அதைத் தூக்கி முன்னே வைத்ததுதான் நம் நோய்.

ஹிஜ்ரத் பயணத்தைப் பாருங்கள். இறைவனின் பாதுகாப்பில் அண்ணலார் (ஸல்) அவர்களுக்கு இருந்த உறுதியில் நூற்றில் ஒரு பங்கு நமக்கு உண்டா? ஆயினும் அவர்கள் என்ன செய்தார்கள்? மதீனா வடக்கே இருக்க, முதலில் தெற்கே சென்று தவ்ர் குகையில் மூன்று இரவுகள் மறைந்திருந்தார்கள். மக்காவின் பேச்சுகளை இரவில் கொண்டுவந்து சொல்ல அபூபக்கர் (ரலி) அவர்களின் மகன் அப்துல்லாஹ் ஏற்பாடு செய்யப்பட்டிருந்தார். உணவுக்கு அஸ்மா (ரலி) அம்மையார் வழிசெய்தார்கள். ஆமிர் இப்னு ஃபுஹைரா (ரலி) ஆட்டு மந்தையை அவ்வழியே ஓட்டிச் சென்றார். பாதையில் தேர்ந்த வழிகாட்டி ஒருவர், அவர் இஸ்லாத்தை ஏற்காதவராக இருந்தும், கூலிக்கு அமர்த்தப்பட்டார். இத்தனையும் முடிந்தபின், பகைவரின் பாதங்கள் குகை வாயிலில் தெரிந்தபோதுதான், கவலற்க, இறைவன் நம்முடன் இருக்கிறான் என்னும் ஆறுதல் தோழருக்குச் சொல்லப்பட்டது. திட்டம் முந்தியது, தவக்குல் அதன் உச்சியில் வந்து அமர்ந்தது. நாமோ திட்டத்தைக் கைவிட்டு, குகைக்குப் போகாமலே குகையின் ஆறுதலை மட்டும் கேட்கிறோம்.

யமன் நாட்டிலிருந்து சிலர் கட்டுச்சோறு இன்றி ஹஜ்ஜுக்கு வருவார்கள். இறைவனையே சார்ந்திருப்பவர்கள் நாங்கள் என்று சொல்லிக்கொள்வார்கள். வந்து சேர்ந்தபின் மக்களிடம் கையேந்துவார்கள். பயணத்துக்கு வேண்டியதைக் கொண்டு செல்லுங்கள் என்னும் திருமறைக் கட்டளை அத்தகையோரை முன்னிட்டே அருளப்பட்டதாக இப்னு அப்பாஸ் (ரலி) அறிவிக்கிறார்கள். ஒட்டகத்தைக் கட்டாமல் இறைவனை நம்பி விட்டுவிடலாமா என்று கேட்டவரிடம், முதலில் கட்டு, பிறகு நம்பு என்னும் கருத்துப்படப் பெருமானார் (ஸல்) அறிவுறுத்திய செய்தி குழந்தைகளும் அறிந்தது. குழந்தைகள் அறிந்ததைப் பெரியவர்கள் மறந்தது எப்படி?

உஹது சொன்ன பாடம்

ஹிஜ்ரி 3ஆம் ஆண்டில், கி.பி. 625இல், உஹதுக் களத்தில் 50 வில்லாளர்கள் ஒரு குன்றில் நிறுத்தப்பட்டனர். என்ன நேர்ந்தாலும் இடத்தை விட்டு அகலக்கூடாது என்பது கட்டளை. வெற்றி தெரிந்ததும் பெரும்பாலோர் குன்றை விட்டு இறங்கினர். பகைவர்கள் பின்புறமாகச் சுற்றி வந்து தாக்கினர். எழுபது பேர் ஷஹீதாயினர்.

இது எங்கிருந்து வந்தது என்று முஸ்லிம்கள் திகைத்து நின்றபோது திருமறை என்ன கூறியது? உங்களிடமிருந்தே வந்தது என்று கூறியது. அடுத்த வசனமே, நேர்ந்தது இறைவனின் அனுமதியோடு நேர்ந்தது என்றும் கூறியது. இரண்டும் அடுத்தடுத்து நிற்கின்றன; ஒன்று மற்றதை அழிக்கவில்லை. நாம் இரண்டாவதை மனப்பாடம் செய்துகொண்டு முதலாவதை மறைத்துவிட்டோம்.

இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. தவறு யாருடையது என்று தெளிவாகச் சொல்லப்பட்டபின், அவர்களை மன்னிக்குமாறும், அவர்களோடு தொடர்ந்து கலந்தாலோசிக்குமாறும் அண்ணலாருக்குக் கட்டளை வந்தது. பொறுப்பை உணர்த்துவது ஒருவரை மிதிப்பதற்காக அன்று, எழுப்பி நிறுத்துவதற்காக. நம் குடும்பங்களில் பொறுப்பைக் கேட்டால் சண்டை மூள்கிறது. சண்டைக்கு அஞ்சிப் பொறுப்பையே கேட்காமல் விடுகிறோம். நஸீபு என்னும் போர்வையை விரித்து மூடிவிடுகிறோம். உஹது காட்டும் வழி வேறு. உண்மையைச் சொல், மன்னித்துவிடு, மீண்டும் சேர்ந்து அமர்ந்து திட்டமிடு.

வங்கக் கடலின் சாட்சியம்

அது ஸஹாபாக்களின் காலம் என்று சொல்லி ஒதுங்குவோர் உண்டு. அவர்களுக்காக நம் காலத்தின் சாட்சியத்தையும் அழைப்போம்.

1970ஆம் ஆண்டு நவம்பர் 12ஆம் நாள், அன்று கிழக்குப் பாகிஸ்தானாக இருந்த வங்கக் கரையை ஒரு புயல் தாக்கியது. மூன்று லட்சத்திலிருந்து ஐந்து லட்சம் பேர் வரை மாண்டதாக மதிப்பிட்டனர். பங்களாதேஷ் பிறந்தபின், 1972இல் செஞ்சிலுவைச் சங்கத்தின் துணையோடு புயல் முன்னேற்பாட்டுத் திட்டம் தொடங்கப்பட்டது. கிராமம் கிராமமாகத் தொண்டர்கள் பயிற்றுவிக்கப்பட்டனர். ஆனால் ஒதுங்குவதற்குக் கட்டடங்கள் போதவில்லை. 1991 ஏப்ரல் 29இல் வந்த புயலில் ஏறத்தாழ 1,38,000 பேர் இறந்தனர். அதன்பின் ஒதுங்குமிடங்கள் பெருகின. எச்சரிக்கை முறை செம்மையாயிற்று. 2007 நவம்பரில் சித்ர் என்னும் கடும்புயல் அதே நாட்டைத் தாக்கியபோது இறந்தோர் ஏறத்தாழ 3,400 பேர். 2020 மே மாதத்தில் அம்பன் புயல் வந்தபோது 20 லட்சத்துக்கு மேற்பட்டோர் முன்கூட்டியே அப்புறப்படுத்தப்பட்டனர். அந்நாட்டில் இறந்தோர் தொகை நூறைக்கூட எட்டவில்லை.

ஒரு புயலைப்போல் மற்றொரு புயல் இருப்பதில்லை. கரையேறும் இடமும் நேரமும் மாறும். அதையெல்லாம் கழித்துப் பார்த்தாலும் உண்மை மறையாது. கடல் மாறவில்லை, காற்று சினம் தணியவில்லை, மக்களின் ஈமானும் கூடவோ குறையவோ இல்லை. மாறியது அவர்கள் தந்த பதில். 1970இல் லட்சக்கணக்கில் மாண்டவர்களின் மரணத்தை விதி என்று மட்டும் சொல்லி அந்த மக்கள் அமர்ந்திருந்தால், 2007இலும் 2020இலும் பிழைத்தவர்கள் பிழைத்திருப்பார்களா?

1991ஆம் ஆண்டின் செய்தி ஒன்று நம் இல்லங்களை நேரே பார்த்துப் பேசுகிறது. அந்தப் புயலில் வயது வந்த பெண்கள் ஆண்களைவிடப் பன்மடங்கு அதிகமாக இறந்தனர். வீட்டு ஆண்களின் அனுமதி இல்லாமல் வெளியேறத் தயங்கியதும், ஆணும் பெண்ணும் நெருக்கியடித்து நிற்கும் ஒதுங்குமிடங்களுக்குச் செல்லக் கூசியதும், குழந்தைகளை விட்டு அகல முடியாததும் காரணங்களாகப் பதிவாகியுள்ளன. வெள்ளம் வாசலுக்கு வந்தபின்னும் அனுமதிக்காகக் காத்திருந்த தாய்மார்களின் சாவை நஸீபு என்று எழுதி மூடிவிட நமக்கு மனம் வருமா? அந்நாடு மூடிவிடவில்லை. அத்திட்டத்தின் தொண்டர்கள் எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டோரில் ஏறத்தாழப் பாதிப்பேர் இன்று பெண்கள். எச்சரிக்கும் குரல் பெண்ணின் குரலாக இருந்தால் உள்ளே இருக்கும் பெண்கள் வெளியே வருவார்கள் என்று கண்டுகொண்டார்கள்.

இந்தோனேசியாவின் சிமுலு தீவையும் சொல்ல வேண்டும். முஸ்லிம்கள் வாழும் தீவு. 1907ஆம் ஆண்டில் ஆழிப்பேரலை வந்து அங்கே பலரைக் கொண்டு சென்றது. பிழைத்தவர்கள் அழுதுவிட்டு ஓயவில்லை. நிலம் பெரிதாக நடுங்கினால், கடல் உள்வாங்கினால், எதையும் எடுக்காமல் மேட்டை நோக்கி ஓடு என்று பாட்டியர் பேரப்பிள்ளைகளுக்குக் கதையாகச் சொன்னார்கள், தாலாட்டில் வைத்தார்கள். அதற்கு 'ஸ்மோங்' என்று பெயரிட்டார்கள். 97 ஆண்டுகள் கழித்து, 2004 டிசம்பர் 26இல், நிலநடுக்க மையத்துக்கு மிக அருகில் இருந்த அத்தீவை அலை சில நிமிடங்களில் வந்தடைந்தது. அங்கே வாழ்ந்த ஏறத்தாழ 78,000 பேரில் இறந்தவர்கள் ஏழு பேர். கடலுக்கு அப்பால் ஆச்சே பெருநிலத்திலோ ஒன்றரை லட்சத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். அங்கு மாண்டவர்கள் குற்றவாளிகள் அல்லர். அந்த அறிவு அவர்களை எட்டியிருக்கவில்லை. கொள்ளுப்பாட்டி ஒருத்தி தன் துக்கத்தைப் பாடமாக மாற்றினாள். அவள் கண்டிராத பேரன் பேத்திகள் பிழைத்தார்கள்.

அதே நாளில் தமிழகக் கரையில் ஏறத்தாழ 8,000 பேரை இழந்தோம். நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேல். அந்த நாளிலும் புதுவைக்கு அருகே நல்லவாடு என்னும் மீனவ ஊரில் வேறொன்று நடந்தது. சிங்கப்பூரில் வேலை பார்த்த அவ்வூர் இளைஞர் ஒருவர், தொலைக்காட்சியில் செய்தி கண்டு வீட்டுக்குத் தொலைபேசியில் பேசினார். அந்த ஊரில் கடல் நிலவரம் அறிவிக்க ஓர் ஒலிபெருக்கி ஏற்கெனவே வைக்கப்பட்டிருந்தது. அதன்வழி எச்சரிக்கை பரவி மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் உயிர் தப்பினர். அலை வருமுன்பே அந்த ஒலிபெருக்கியை அங்கே நிறுத்தியவர்களின் கையில் இருந்தது விதியின் சாவி அன்று, ஒரு கடமை. அதைச் செய்து வைத்திருந்தார்கள்.

நம் வீட்டுப் புயல்கள்

கடலை விட்டு வீட்டுக்கு வருவோம். நம் குடும்பங்களைச் சாய்க்கும் புயல்கள் பெரும்பாலும் முன்னறிவிப்போடுதான் வருகின்றன.

கூட்டு வியாபாரம் முறிந்து, போட்ட பணம் போய்விடுகிறது. கண்ணூறு பட்டுவிட்டது என்கிறோம். யாரோ வைத்த சூனியம் என்று தாயத்துக்கு அலைகிறோம். எழுதிக்கொண்ட ஒப்பந்தம் எங்கே என்று கேட்டால், சொந்தக்காரருக்குள் எழுத்து எதற்கு என்று பதில் வருகிறது. திருமறையின் மிக நீண்ட வசனம் எதைப் பற்றியது? கொடுக்கல் வாங்கலை எழுதிவைத்துச் சாட்சி வைப்பதைப் பற்றியது. அந்த ஒரு வசனத்தைக் கைவிட்டுவிட்டு, பழியை அண்டை வீட்டார் கண்ணின் மீது போடுவது எந்த நியாயம்?

மகளின் நிக்காஹுக்குக் கைக்கூலியும் நகையும் ஊர் மெச்சும் விருந்துமாகக் கடன் வாங்கி, குடியிருக்கும் வீட்டை அடகு வைக்கிறோம். வீடு மூழ்கும்போது, பெண்ணைப் பெற்றவன் நஸீபு என்கிறோம். கைக்கூலி வானத்திலிருந்து இறங்கிய விதியா? மஹர் கொடுக்க வேண்டிய மணமகன் கைநீட்டினான். அவன் தாய்தந்தையர் தொகை பேசினர். ஊர்ப் பெரியவர்கள் சபையில் அமர்ந்து விருந்து உண்டனர். இத்தனை மனிதர்கள் சேர்ந்து செய்த ஒன்றுக்கு இறைவன் மீது பழி போடுகிறோமே, நாம் அஞ்ச வேண்டாமா?

மகனை அயல்நாட்டுக்கு அனுப்புகிறோம். 1983ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டம், ஆள் அனுப்பும் முகவர்கள் அரசிடம் பதிவு பெற்றிருக்க வேண்டும் என விதித்தது. அவர் பதிவு பெற்றவரா, ஒப்பந்தத்தில் சம்பளம் எவ்வளவு, வேலை என்ன என்று ஒருமுறை கேட்பதற்கு முன்பே பணத்தைக் கட்டிவிடுகிறோம். பாலைவனத்தில் ஒட்டகம் மேய்க்கும் மகனின் கண்ணீர்க் குரலைக் கேட்டபின் நஸீபை நினைக்கிறோம். ஏமாற்றியவன் குற்றவாளி, அதில் ஐயமில்லை. ஆனால் நாம் அந்த ஏமாற்றுக்காரனையும் நஸீபின் போர்வைக்குள் மறைத்து வழக்கின்றி விட்டுவிடுகிறோம். அடுத்த தெருவுக்குச் சென்று அவன் அதே கடையை விரிக்கிறான்.

எல்லாவற்றிலும் கொடியது ஒன்று உண்டு. கணவனிடம் அடிபட்டுத் தாய்வீடு திரும்பும் மகளிடம், பொறுத்துப் போ, உன் நஸீபு அப்படி என்று சொல்லித் திருப்பி அனுப்புவது. தன் நிலையை நஸீபு என்று அவளே சொன்னால் அது அவள் பொறுமை. நாம் அவளிடம் சொன்னால் அது நம் கோழைத்தனம். தாபித் இப்னு கைஸ் (ரலி) அவர்களின் மனைவி பெருமானாரிடம் (ஸல்) வந்து, தம் கணவரின் குணத்திலோ மார்க்கத்திலோ குறை சொல்லவில்லை, ஆனால் அவருடன் வாழ இயலவில்லை என்று முறையிட்டார். விதி என்று சொல்லித் திருப்பி அனுப்பினார்களா? இல்லை. மஹராகப் பெற்ற தோட்டத்தைத் திருப்பித் தரச் சம்மதமா என்று கேட்டு, அவரை விடுவிக்கச் செய்தார்கள். குறை இல்லாத கணவரிடமிருந்தே வழி திறந்துவிட்ட மார்க்கம், அடிக்கும் கணவனின் வாசலில் நம் மகளைத் தள்ளிவிடச் சொல்லுமா?

எழக்கூடிய மறுப்புகள்

இப்படிப் பேசுவது மனிதனின் அகந்தையை வளர்க்காதா என்று சிலர் கேட்கலாம். வளர்க்காது. எல்லாம் என்னால் ஆகும் என்பவன் அகந்தை கொண்டவன். என் பங்கை நான் செய்வேன், முடிவு அவனுடையது என்பவன் அடியான். என் பங்கையும் அவனே செய்யட்டும் என்பவன் யார்? அவனுக்கும் ஓர் அகந்தை உண்டு. எசமானனுக்கே வேலையிடும் அகந்தை.

எல்லாம் செய்தும் இழந்தவர்கள் இல்லையா என்றும் கேட்கலாம். இருக்கிறார்கள். மருத்துவம் பார்த்தும் பிள்ளையைப் பறிகொடுத்த தாய், நேர்மையாக வணிகம் செய்தும் வெள்ளத்தில் சரக்கை இழந்தவர், கண்ணும் கருத்துமாய்ப் படித்தும் இடம் கிட்டாத மாணவர். நஸீபு என்னும் சொல் இவர்களுக்காகத்தான் இருக்கிறது. இவர்கள் காயத்துக்கு அது மருந்து. சோம்பேறி அந்த மருந்தைத் திருடிக் குடிப்பதால்தான், உண்மையில் தேவைப்படுவோர் வாயில் அது கசக்கிறது.

மூன்றாவது மறுப்பு கனமானது. ஏழையிடம் சென்று உன் பொறுப்பு உன் பொறுப்பு என்று உபதேசிப்பது கொடுமையல்லவா? கொடுமைதான். அடி யாரால் விழுந்ததோ அவரை விட்டுவிட்டு, அடிபட்டவனிடம் மட்டும் கணக்குக் கேட்பதை இக்கட்டுரை ஏற்கவில்லை. கைப்பொருள் எவ்வளவோ அவ்வளவே பொறுப்பு. இறைவன் எவரையும் அவர் சக்திக்கு மீறிச் சோதிப்பதில்லை என்பது நாம் ஓதுவதே. ஏழையின் பொறுப்பு ஒரு முழம் என்றால் செல்வந்தரின் பொறுப்பு ஒரு காதம். ஜமாஅத்தின் பொறுப்பு அதைவிட நீளம். அரசின் பொறுப்பு எல்லாவற்றிலும் நீளம். 1970 புயலுக்குப்பின் நிவாரணத்தில் காட்டிய மெத்தனத்தை வங்க மக்கள் விதி என்று விழுங்கவில்லை. அவ்வாண்டு டிசம்பர்த் தேர்தலில் ஆட்சியாளர்களுக்கு எதிராக எழுந்த தீர்ப்பில் அந்தச் சினமும் கலந்திருந்தது. பொறுப்பை ஏற்பவனுக்கே பொறுப்பைக் கேட்கும் குரலும் இருக்கும். எல்லாம் நஸீபு என்று அமர்ந்தவன் தன்னையும் கேட்கமாட்டான். தன்னை ஆள்பவனையும் கேட்கமாட்டான்.

இனி என்ன செய்வோம்?

சகோதரர்களே, தாய்மார்களே! நஸீபு என்னும் சொல்லை நம் இல்லங்களிலிருந்து அகற்றச் சொல்லவில்லை. அதைச் சற்றே தள்ளி, உரிய இடத்தில் வைக்கச் சொல்கிறோம். இழப்பு ஒன்று வீட்டு வாசலில் வந்து நின்றால், கண்ணீர் ஓய்ந்த பின், குடும்பத்தோடு அமர்ந்து மூன்று கேள்விகளைக் கேளுங்கள். இது வருமுன் நாம் செய்யக்கூடியதாக இருந்து செய்யாமல் விட்டது எது? இன்று, இந்த நிலையில், நம் கைக்கு எட்டியது எது? இதே துன்பம் நம் பிள்ளைக்கோ அண்டை வீட்டாருக்கோ நேராதிருக்க நாம் விட்டுச் செல்ல வேண்டிய பாடம் எது? வீட்டுப் பெண்களும் பிள்ளைகளும் அந்த இருக்கையில் இருக்கட்டும்; அவர்கள் கண்டது நமக்குத் தெரியாமல் இருக்கலாம். யாரையும் குற்றக்கூண்டில் ஏற்ற வேண்டாம். உண்மை பேசப்படட்டும், மன்னிப்பு வழங்கப்படட்டும், அடுத்த அடி எடுத்து வைக்கப்படட்டும்.

இந்த மூன்றுக்கும் விடை கண்டு, செய்ய வேண்டியதைச் செய்து முடித்தபின், கைகளை உயர்த்தி, இனி உன் நாட்டம் என்று சொல்லுங்கள். கட்டிவைத்த ஒட்டகத்தின் அருகே நின்று கேட்கும் துஆ அது. கட்டாத ஒட்டகம் காட்டில் மறைந்தபின் கயிற்றைக் கையில் வைத்துக்கொண்டு நஸீபை ஏசுவதை இன்றோடு நிறுத்துவோம்.